தகர எலிப்பொறி: சுண்டெலிக்குச் சரி, பெரிய எலிக்கு வேண்டாம்

திருச்சி உறையூரில் தானியமும் கோழித் தீவனமும் விற்கிறேன். கேழ்வரகு, கம்பு, உடைத்த மக்காச்சோளம், கடலைப் பிண்ணாக்கு எல்லாம் மூட்டை மூட்டையாக அடுக்கிய கடையில் சுண்டெலி வராவிட்டால்தான் ஆச்சரியம். அதனால் எலிப்பொறி விஷயத்தில் நான் கொஞ்சம் கறார்.

வாங்கியது காந்தி மார்க்கெட் பக்கம் கிடைத்த தகரப் பெட்டிப் பொறி. முன்னால் கதவு, நடுவில் மிதிபலகை, பின்னால் தீனி வைக்க ஒரு சின்ன மூடி. பலகையை மிதித்ததும் கதவு விழும். விலை 220 ரூபாய். எந்தக் கம்பெனி என்று பெட்டியில் எழுதியிருக்கவில்லை.

வீட்டுக்கு வீடு இருக்கும் கம்பிக்கூண்டு போதாதா என்று கேட்கலாம். போதாது. கூண்டுக் கொக்கியில் மாட்டிய வடையைப் பெரிய எலி கவ்வி இழுக்கும், கொக்கி விடுபடும், கதவு விழும். சுண்டெலிக்கு அந்த அவசரமே கிடையாது. நின்ற இடத்தில் முன்பற்களால் சுரண்டிச் சுரண்டித் தின்னும். 20 கிராம் எடை இருந்தாலே பெரிது, அந்த உருப்படியால் கொக்கி அசையாது. தின்று முடித்துவிட்டுக் கம்பி இடைவெளி வழியாகவே போய்விடும். 6 மில்லிமீட்டர் இடுக்கு அதற்குத் தாராளம். இந்தத் தகரப் பெட்டியில் இழுக்க வேண்டியதில்லை, மிதித்தாலே போதும். கொடுத்த காசு இதற்குத்தான்.

ஒன்று மட்டும் வாங்கிவிட்டு எலி மாட்டவில்லை என்று புலம்பாதீர்கள். ஒரு சுண்டெலி ஒரு நாளைக்குத் தின்பது 3, 4 கிராம்தான். ஆனால் உட்கார்ந்து வயிறாரத் தின்னாது. இங்கே இரண்டு கம்பு, அங்கே ஒரு சோளக் குருணை என்று ராத்திரி முழுக்க இருபது முப்பது இடத்தில் வாய் வைக்கும். தின்கிற தானியம் நஷ்டக் கணக்கிலேயே வராது. சாக்கைக் கடித்துச் சிந்தவிடுவதும், போகிற வழியெல்லாம் புழுக்கை போடுவதும்தான் கடைக்காரனைக் கொல்கிறது. கூட்டிலிருந்து பெரும்பாலும் பத்து மீட்டருக்குள்தான் சுற்றும், அதுவும் சுவரை ஒட்டியே ஓடும். ஆகவே மூன்று பெட்டியாக வாங்கி, மூட்டைக்குப் பின்னால் சுவரோரமாக இரண்டு மீட்டருக்கு ஒன்று வையுங்கள். பெரிய எலி புதுச் சாமானைக் கண்டால் நாள்கணக்கில் ஒதுங்கும். சுண்டெலி என்ன ஏது என்று பார்க்க உடனே வந்துவிடும். முதல் ராத்திரியே மாட்டுவதற்குக் காரணம் அதுதான், பொறியின் பெருமை என்று நினைக்க வேண்டாம்.

தீனிக்கு வருவோம். கார்ட்டூனில் காட்டும் சீஸ் வேண்டவே வேண்டாம். தானியக் கடையில் தானியம் வைத்தும் பயனில்லை. சுற்றிலும் அதுதானே கிடக்கிறது! வறுத்த நிலக்கடலையைப் பொடித்து, துளி வெல்லம் சேர்த்துப் பிசைந்து, பட்டாணி அளவுக்கு வைக்கிறேன். பெரிதாக வைத்தால் மிதிபலகைக்கு முன்னாலேயே உதிர்ந்து, வாசலில் நின்றபடியே தின்றுவிட்டுப் போகும். கருவாடு வைத்தால் எறும்பு மொய்க்கிறது, பூனை பெட்டியை உருட்டுகிறது, சிலநாள் மூஞ்சூறு வந்து மாட்டுகிறது. பாவம், பூச்சி தின்கிற அது என் கம்பை ஏன் தொடப்போகிறது? தண்ணீரை மூடி வைத்தால் எலி ஓடிவிடும் என்பார்கள். காய்ந்த தானியத்தை மட்டும் தின்றுகொண்டே சுண்டெலி காலம் தள்ளும். ஆனாலும் சித்திரை வெயிலில் ஒரு தக்காளித் துண்டு நன்றாகவே இழுக்கிறது.

குறைகளும் உண்டு. தவிட்டுத் தூசி படிந்தால் மிதிபலகை இறுகிவிடும். வாரம் ஒருமுறை பிரஷ்ஷால் துடைக்க வேண்டும். மூத்திரம் பட்டுப் பட்டு அடித்தகரம் துருப்பிடிக்கிறது. மாட்டியிருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது, கதவு விழுந்திருந்தால் ஆட்டித்தான் பார்க்க வேண்டும். பெரிய எலி நுழைந்தால் கதவை நெளித்துக்கொண்டு போய்விடும், அதற்குப் பழைய கம்பிக்கூண்டுதான்.

காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாகப் பெட்டியைப் பாருங்கள். சின்ன உடம்பு, பசியும் குளிரும் தாங்காது. உள்ளே கொஞ்சம் பஞ்சும் நாலைந்து சோளமும் போட்டு வைத்தால் உயிரோடு இருக்கும். வெறுங்கையால் தொட வேண்டாம், எலிக்காய்ச்சல் அதன் மூத்திரத்தில்தான் வருகிறது. விஷம் நான் வைப்பதில்லை. தின்கிற பொருள் விற்கிற இடம். பசை அட்டையில் ஒட்டிக்கொண்டு ராத்திரியெல்லாம் கீச்சிடுவதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

மொத்தத்தில் ஐந்துக்கு நாலு கொடுப்பேன். ஒரு மதிப்பெண் குறைத்தது தகரத்தின் ஓரத்துக்காக. பிளேடு மாதிரி கூர்மை. 220 ரூபாய் வாங்குகிறவர்கள் அந்த ஓரத்தை ஒரு மடிப்பு மடித்துக் கொடுத்திருக்கலாம்.