சுடுதண்ணியும் கொப்புளமும் ஒரு கிரேக்க டிக்ஷனரியும்

கையில சுடுதண்ணிய ஊத்திக்கிட்டு பைப்புக்கு அடியில 20 நிமிஷம் கைய நீட்டிட்டு நின்னப்போ இன்னொரு கையில போன் இருந்துச்சு, இந்தக் கிறுக்கு அங்கதான் ஆரம்பிச்சது. கொப்புளத்துக்கு பழைய கிரேக்கத்துல என்ன வார்த்தைன்னு தேடப்போயி இப்போ மூணு வாரமா லிடெல்-ஸ்காட்-ஜோன்ஸ்ங்கிற பழைய கிரேக்கம்-இங்கிலீஷ் டிக்ஷனரிய விட்டு வெளிய வர முடியல.

தெரியாதவங்களுக்கு: 1843-ல ஆக்ஸ்ஃபோர்டுல முதல் பதிப்பு, 1940-ல ஒன்பதாவது பதிப்பு, 2000 பக்கத்துக்கு மேல. அந்த லிடெல்தான் ஆலிஸ்ங்கிற பொண்ணோட அப்பா, ஆமா, 'ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்' கதைக்குப் பேரு கொடுத்த அதே ஆலிஸ்தான். புஸ்தகத்த தூக்கினா தோள்பட்டை போயிடும், ஆனா சிகாகோ யுனிவர்சிட்டியோட லோகெயோன் சைட்ல மொத்தமும் ஃப்ரீயா கிடைக்குது. இதுக்கு முன்னாடி காசு கொடுத்து ஒரு ஆப் வாங்கினேன், பேரு வேண்டாம், பாயில்னு தட்டினா ஒத்த வார்த்தைய நீட்டிட்டு அதோட சரி. இங்க அப்படி இல்ல, எந்த வார்த்தை எந்த நூல்ல எந்த வரியில வருதுன்னு சேத்தே கொடுக்குறாங்க.

முதல்ல சிக்கல சொல்லிடறேன். எல்லாம் சுருக்கம். ஹெச்.பி.ன்னு இருந்தா லேப்டாப் கம்பெனி இல்ல, பழைய கிரேக்க வைத்தியர் ஹிப்போக்ரடீஸ். விளக்கம் எல்லாம் இங்கிலீஷ்ல, அதுவும் பழைய இங்கிலீஷ். ஆனா எனக்கு மண்டையில உறைச்ச விஷயம் என்னன்னா, இங்கிலீஷ ஒரு ஓரமா வெச்சுட்டு தமிழ்ல யோசிச்சுக்கிட்டே படிச்சா பாதி எண்ட்ரி தானா புரிஞ்சிடுது.

கொப்புளத்தையே எடுங்க. ஃப்ளுக்டைனா. கொதிச்சுப் பொங்குறதுக்கு ஃப்ளூஸோ, அதுலருந்து வந்த வார்த்தை. நமக்கு கொப்பளிக்கிறதும் கொப்புளமும் பக்கத்து பக்கத்துல நிக்குற மாதிரியே! கிரேக்க காமெடி நாடகம் எழுதின அரிஸ்டோபனீஸோட தவளைகள் நாடகத்துல (கி.மு. 405) டயோனிசஸ் சாமியே துடுப்பு போட்டு போட்டு எனக்கு ஃப்ளுக்டைனா வந்துடுச்சுன்னு புலம்புறாரு, அத படிச்சப்போ என் கைக்கு கொஞ்சம் ஆறுதலா இருந்துச்சு.

கொதிக்கிறதுக்கு ஜெயோ. ஹோமர் காலத்துலருந்தே இருக்கு, அவரோட இலியட் காவியத்துல ஆத்துத் தண்ணி நெருப்புல கொதிக்கிறத, பன்னிக் கொழுப்பு உருகுற அண்டாவோட ஒப்பிடுற இடத்துலயும் இதே வார்த்தைதான். எக்ஸிமாங்கிற தோல் வியாதியோட பேரும் இந்தக் குடும்பம்தான், தோல் கொதிச்சு வெளிய பொங்குதுன்னு அர்த்தம். கோவம்னா என்னன்னு அரிஸ்டாட்டில் பேசுற இடத்துல, உடம்ப ஆராயிறவன கேட்டா இதயத்த சுத்தி இருக்குற ரத்தத்தோட ஜெசிஸ், அதாவது கொதிப்புன்னு சொல்லுவான்ங்கிறாரு. ரத்தம் கொதிக்குதுன்னு நாம சொல்றோமே, அதேதான். காமெடி என்னன்னா ஜெஸ்டோஸ்னா அப்போ கொதிக்கக் கொதிக்க, இன்னைக்கு கிரேக்கத்துல அது வெறும் சூடு, வெதுவெதுப்புக்கு கூட சொல்றாங்க. வார்த்தையும் ஆறிப்போயிடும் போல.

தண்ணியில போட்டு வேக வைக்கிறது தனி, அது ஹெப்ஸோ. திராட்சைச் சாற சுண்டக் காய்ச்சினா ஹெப்ஸேமா. சிம்மர்னு தேடினா ஒழுங்கா ஒரு ஒத்த வார்த்தை சிக்கல, மருத்துவ நூல்ல எல்லாம் மென்மையான தீயில வேக வைன்னுதான் வருது. நாமளும் இளந்தீன்னு தீயத்தான சொல்றோம், தண்ணிக்கு தனிப் பேரா வெக்கிறோம்?

எனக்கு ரொம்ப பிடிச்சது மோலுன்சிஸ். வானிலையியல்ங்கிற தன்னோட நூலோட நாலாவது புஸ்தகத்துல அரிஸ்டாட்டில், தண்ணியில வேகுற பொருளுக்கு சூடு பத்தாம போறத இப்படி சொல்றாரு. மோலுனோன்னா பொதுவா கறை பண்றது. இங்கிலீஷ்ல என்னத்தையோ சுத்தி வளைச்சு போட்டிருக்கு, அரைவேக்காடுன்னு ஒத்த வார்த்தையில முடிஞ்சது விஷயம். இதுக்கெல்லாம் மேல பெப்சிஸ்னு ஒண்ணு வெக்கிறாரு, பழம் பழுக்கிறது, சோறு வேகுறது, சாப்பிட்டது செரிக்கிறது மூணும் அதுக்குள்ள. வயித்துல செரிக்க வைக்கிற பெப்சினுக்கு 1836-ல ஷ்வான்ங்கிற விஞ்ஞானி பேரு வெச்சதும் இதுலருந்துதான். சமஸ்கிருத பக்வமும் இதே வேர், நம்ம பக்குவம் அங்கருந்து வந்தது. பக்குவம்னு சொன்னா பழத்துக்கும் பொருந்துது, சமையலுக்கும் பொருந்துது, ஆளுக்கும் பொருந்துது பாருங்க.

ஆனா ஒரு எச்சரிக்கை. எரிக்கிறதுக்கு காயோன்னு பாத்த உடனே நானும் காய், காய்ச்சல், காய்ச்சுன்னு துள்ளிக் குதிச்சேன். சத்தம் ஒத்துப்போறதோட சரி, சொந்தம் கிடையாது, தயவு செஞ்சு வாட்ஸ்அப்ல கிளப்பி விட்டுடாதீங்க. காஸ்டிக் சோடால இருக்குற காஸ்டிக் வேணா அந்த குடும்பம். தீப்புண்ணுக்கு புரிகௌஸ்டோன், தீயில சுட்டதுன்னு நேரடியா. ஹிப்போக்ரடீஸ் பேர்ல இருக்குற புண்கள் பத்தின நூல்ல, பழைய பன்னிக் கொழுப்ப உருக்கி பிசினும் நிலக்கீலும் கலந்து துணியில தடவி கட்டச் சொல்லி இருக்கு. படிச்சு ரசிங்க, தடவிடாதீங்க.

கடைசியா பாஃப்லாஸோ. தளதளன்னு கொதிக்கிற சத்தத்துலருந்தே வந்த வார்த்தை, சவுண்டு விட்டுப் பேசுறவனுக்கும் ஆகும். கி.மு. 424-ல கிளியோன்ங்கிற அரசியல்வாதிய நாடகத்துல பாஃப்லகோன்னு பேரு வெச்சு அரிஸ்டோபனீஸ் கிழிச்சிருக்காரு, அது ஒரு ஊர்க்காரன் பேராவும் இருக்கு, தளதளன்னு கொதிக்கிறவனாவும் இருக்கு. அதே நாடகத்துல மக்கள்னே பேரு வெச்ச ஒரு கிழவர அண்டாவுல போட்டு அவிச்சு இளமையாக்கிடறாங்க!

அஞ்சுக்கு நாலு ஸ்டார். சுருக்கக் குறிகளுக்கு ஒண்ணு கட். கிரேக்க கீபோர்ட போன்ல போட்டுட்டு ஆரம்பிங்க, வேலை பாதியாகும். இங்கிலீஷ் கொஞ்சம் இந்தக் காலத்துதா வேணும்னா 2021-ல வந்த கேம்பிரிட்ஜ் கிரேக்க லெக்ஸிகன் (அதுவும் டிக்ஷனரிதான்) இருக்கு, அது காசு. எனக்கு கொப்புளம் அமுங்கிடுச்சு, போன்ல டேப் மட்டும் இன்னும் பதினாலு திறந்தே கிடக்கு.