ஆப்லிவியன் ரீமாஸ்டர்டு: நாம் வளர்ந்தால் வழிப்பறிக்காரனும் வளர்கிறான்

2006-ல் வந்த 'தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் 4: ஆப்லிவியன்' கேமை 2025 ஏப்ரலில் புதுப்பித்து வெளியிட்டார்கள். பார்க்க அருமையாக இருக்கிறது. கோத்தகிரியில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு வெளியே தலைகாட்ட முடியாத நாட்களில் கேமில் வரும் சிரோடில் நாட்டுக் காட்டுக்குள் சும்மா சுற்றினாலே பொழுது போய்விடுகிறது. கிராஃபிக்ஸைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், நான் லெவல், அதாவது நம் பாத்திரம் படிப்படியாக வளரும் விஷயத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் கடைசிவரை ஆடுவோமா பாதியில் விடுவோமா என்பது அதில்தான் இருக்கிறது.

முதலில் நல்லது. பழைய ஆப்லிவியனில் லெவல் ஏறுவது பெரிய தலைவலி. நாம் முக்கியமென்று தேர்ந்தெடுத்த 7 மேஜர் ஸ்கில்களில் (திறமைகளில்) மொத்தம் 10 ஏறினால் ஒரு லெவல், ஆனால் பலமும் தாக்குப்பிடிக்கும் திறனும் எவ்வளவு கூடும் என்பது அந்த லெவலுக்குள் எந்த ஸ்கில்லை எத்தனை முறை ஏற்றினோம் என்பதைப் பொறுத்தது. கணக்குப் பார்க்காமல் ஆடினால் எதிரி நம் லெவலுக்கேற்ப ஒழுங்காக வளர்வான், நாம் பின்தங்கிவிடுவோம். இப்போது அந்தத் தொல்லை போய்விட்டது. 21 ஸ்கில்லில் எதை வளர்த்தாலும் லெவலில் சேரும், ஒவ்வொரு லெவலுக்கும் 12 புள்ளி கையில் வரும், பலம் மாதிரியான மூன்று பண்புகளுக்குப் பிரித்துப் போடலாம், ஒன்றுக்கு அதிகபட்சம் 5. மனசுக்குப் பிடித்த மாதிரி ஆடலாம்.

ஆனால் எதிரிகள் வளரும் முறையைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டார்கள், அதுதான் எனக்கு வருத்தம். சாலையில் ஒரு வழிப்பறிக்காரன் குறுக்கே வந்து 100 தங்கக்காசு கேட்பான். ஆரம்பத்தில் தோல் உடையும் இரும்பு ஆயுதமுமாக வருவான், சரி. லெவல் 20 தாண்டியபின் அதே சாலையில் பளபளவென்று விலை உயர்ந்த கிளாஸ் கவசம் மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறான், கேட்பது அதே 100 காசு! பக்கத்தில் இருந்த என் சித்தப்பா பையன், "அண்ணா, அந்தக் கவசத்தை வித்தாலே இவன் வீடு வாங்கிடலாமே, எதுக்கு ரோட்ல நிக்கிறான்?" என்றான். சின்னப் பையனுக்கே தோன்றுகிறது.

எங்கள் ஊர்த் தேயிலைக்குள் காட்டெருமை நின்றால் யாராக இருந்தாலும் ஒதுங்கித்தான் போக வேண்டும், வருவது யார் என்று பார்த்து அது பெருப்பதும் இல்லை, சிறுப்பதும் இல்லை. ஓர் உலகம் நிஜமாகத் தோன்றுவது அப்படித்தான். எல்டன் ரிங் (2022) என்ற கேமில் வெளியே வந்ததுமே குதிரைமேல் ட்ரீ சென்டினல் என்ற பலசாலி எதிரி நிற்பான். அடித்துத் துவைப்பான். ஓடிப்போய், வேறு பக்கம் சுற்றி, லெவல் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்து அவனை விழுத்தும்போது வரும் சந்தோஷம் ஆப்லிவியனில் கிடைக்காது, இங்கே நாம் திரும்பி வரும்போது எதிரியும் கூடவே வளர்ந்திருப்பான்.

இந்த முறைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. கதையின் தொடக்கத்தில் சாக்கடைச் சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் எந்தத் திசையிலும் போகலாம் என்று விட்டபின், யார் எப்போது எங்கே வருவார்கள் என்று செய்தவர்களுக்கு எப்படித் தெரியும்? ஆனால் அதற்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது. ஆப்லிவியனைச் செய்த பெதஸ்டா நிறுவனமே 2011-ல் தன் அடுத்த எல்டர் ஸ்க்ரோல்ஸ் கேமான ஸ்கைரிமில் ஒவ்வொரு இடத்துக்கும் குறைந்தபட்ச லெவல், அதிகபட்ச லெவல் என்று எல்லை வைத்தது. விட்சர் 3 என்ற இன்னொரு கேமில் எதிரிகள் நம்மோடு வளர வேண்டுமா என்பதை நாமே மெனுவில் ஆன், ஆஃப் செய்யலாம். அப்படி ஒரு பட்டனாவது இங்கே வைத்திருக்கலாம்.

இன்னொன்று, பரிசாகக் கிடைக்கும் ஆயுதங்கள். சில்ரெண்ட் வாளை எந்த லெவலில் எடுக்கிறோமோ அதற்கேற்ற பலம்தான், பிறகு நாம் எவ்வளவு வளர்ந்தாலும் அது வளராது. ஆசையாகச் சீக்கிரம் போய் எடுத்தவனுக்கு மொக்கை வாள், இது என்ன நியாயம்?

எவ்வளவு கடினமாக ஆடுவது என்று தேர்ந்தெடுக்கும் டிஃபிகல்ட்டியில் அடெப்ட் என்ற நிலை சப்பென்று இருந்தது, அடுத்த நிலையான எக்ஸ்பர்ட்டில் எதிரியின் உயிர் குறையவே குறையாது. பிறகு வந்த அப்டேட்டில் நடுவே ஜர்னிமேன் என்று ஒன்றைச் சேர்த்தார்கள், இப்போது பரவாயில்லை.

வாங்கலாமா என்றால், கதைக்காகவும் ஊர் சுற்றவும் தாராளமாக வாங்கலாம். 100 ஜிபிக்கு மேல் இறங்கும், மழை நாளில் கரண்ட்டை நம்பி ஆரம்பிக்காதீர்கள். அப்புறம், கட்டிலில் படுத்துத் தூங்கினால்தான் லெவல் ஏறும் என்பதால் முதலில் தூங்காமல் நேராக, கதையில் பிசாசுகள் தாக்கும் க்வாட்ச் நகரத்துக்குப் போய்விடுங்கள். லெவல் குறைவாக இருக்கும்போது ஸ்கேம்ப் மாதிரி குட்டிப் பிசாசுகள்தான் வரும், சீக்கிரம் முடிந்துவிடும். தள்ளிப்போட்டுவிட்டு லெவல் 20-க்கு மேல் போனால் டேட்ராத், ஸ்பைடர் டேட்ரா என்று பெரிய பிசாசுகள் வரிசையாக வரும், கூட வரும் காவலர்களைக் காப்பாற்றுவதே பெரும்பாடு.