கிரான்பெரீஸ் ‘ஸ்டார்ஸ்’ சிடி: 150 ரூபாய், 20 பாட்டு, பாதிக் கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கிரான்பெரீஸ் என்கிற ராக் குழுவின் பாட்டுகளைத் தொகுத்த இந்த ‘ஸ்டார்ஸ்’ சிடியில் பூஞ்சை இருந்தது. ஊட்டியில் பழைய புத்தகம், கேசட், டார்ச் லைட், பித்தளை டம்ளர் எல்லாவற்றையும் ஒரே தார்ப்பாயில் பரப்பி விற்கிற ஒருவரிடம் வாங்கினேன். “ஒரு கீறல் இருந்தாலும் திருப்பிக் கொண்டாந்துடுங்க சார்” என்றார். கீறல் இல்லைதான். ஆனால் பின்பக்கத்தை வெயிலில் சாய்த்துப் பார்த்தால் ஓரத்தில் சிலந்தி நூல் மாதிரி வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. பெட்டிக்குள் இருந்த சின்னப் புத்தகத்தில் நாலு பக்கம் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், பிரித்தால் மை பாதி எதிர்ப்பக்கத்தோடு போய்விடுகிறது. இந்த மலையில் இரண்டு மழைக்காலம் மூடி வைத்த எதுவும் இப்படித்தான் ஆகும், கேமரா லென்ஸ் வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். கண்ணாடி துடைக்கிற துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைத்தேன். வட்டமாகத் துடைக்காதீர்கள். இப்போது கடைசி இரண்டு பாட்டு மட்டும் திக்குகிறது. சிடி உள்ளேயிருந்து வெளியே ஓடுவது, அதனால் ஓரத்துப் பூஞ்சை கடைசியில்தான் பிடிக்கும். அந்த இரண்டும் இந்தத் தொகுப்புக்காகப் புதிதாகச் சேர்த்த பாட்டுகள், மற்ற பதினெட்டோடு ஒப்பிட்டால் சுமார். பூஞ்சைக்கும் ரசனை இருக்கிறது.

போனில் எல்லாம் கிடைக்குமே, எதற்கு சிடி என்று கேட்பவர்கள் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கிப் பார்க்கவில்லை என்று அர்த்தம். நான் வாரம் இரண்டு நாள் மண்டிக்குப் போய் வருகிறேன். அரவேணு தாண்டினால் சிக்னல் வரும், போகும், பாட்டு பாதியில் நின்று சக்கரம் சுற்றும். காரில் பழைய பிளேயர் ஒன்று இருக்கிறது, அதற்கு ஒரு தீனி வேண்டியிருந்தது. ஒன்றேகால் மணி நேரம் ஓடுகிறது இந்தச் சிடி. ஏறி வருகிற நேரத்துக்குக் கச்சிதமாக இருக்கிறது.

தெரியாதவர்களுக்கு: கிரான்பெரீஸ் அயர்லாந்தில் லிமெரிக் என்கிற ஊர்க்காரர்கள். நோயல் ஹோகன், மைக் ஹோகன் என்று அண்ணன் தம்பி இருவர், டிரம்ஸுக்கு ஃபெர்கல் லாலர். 1989-இல் தொடங்கியபோது பாடியது வேறொரு பையன். அவன் விலகிப்போன பிறகு 1990-இல் வந்து சேர்ந்தவர்தான் டோலரஸ் ஓ’ரியார்டன். ஊர் ஓரத்துக் கிராமத்துப் பெண், இருபது வயதுகூட ஆகவில்லை. பையன்கள் ஒரு மெட்டை கேசட்டில் பதிந்து கொடுத்து அனுப்ப, வீட்டுக்கு எடுத்துப்போய் வரிகள் எழுதிக்கொண்டு வந்தார். அதுதான் ‘லிங்கர்’. இந்தச் சிடியில் இரண்டாவது பாட்டு. முதல் ஆல்பம் 1993-இல் வந்தபோது பிரிட்டனில் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. அமெரிக்காவில் வேறு குழுக்களுக்கு முன்னால் பாடும் குழுவாகப் போனார்கள், அங்கே டிவியில் ‘லிங்கர்’ ஓட ஆரம்பித்து, பாட்டு எட்டாம் இடம் வரை ஏறியது. அதற்கப்புறம்தான் சொந்தப் பக்கத்து ஆட்கள் இவர்களைத் திரும்பிப் பார்த்தார்கள். வெளியூர்க்காரன் சொன்னால்தான் நம் ஊர்ப் பிள்ளையின் அருமை தெரியும் என்பது அங்கேயும் அப்படித்தான் போல.

மூன்றாவது பாட்டு ‘ஸோம்பி’. இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசப் போகிறேன்.

1993 மார்ச் 20, சனிக்கிழமை. இங்கிலாந்தில் வாரிங்டன் என்கிற ஊரின் கடைவீதியில் குப்பைத்தொட்டிகளில் ஐ.ஆர்.ஏ. (வட அயர்லாந்தை பிரிட்டனிடமிருந்து பிரிக்கப் போராடிய ஆயுதக் குழு) வைத்த குண்டுகள் வெடித்தன. இறந்த இருவருமே பிள்ளைகள். ஒருவனுக்கு 3 வயது, இன்னொருவனுக்கு 12. அதைக் கேட்டு டோலரஸ் எழுதிய பாட்டு இது. அதுவரை மென்மையாகக் கொஞ்சிக்கொண்டிருந்த குழு இதில் கிட்டாரை அலறவிட்டது. 1994-இல் வந்த இரண்டாவது ஆல்பம் ஒரு கோடிக்கு மேல் விற்றதற்கு இதுதான் முக்கியக் காரணம். இதைப் பலரும் ஆட்டம் போடுகிற பாட்டாக வைத்திருக்கிறார்கள், கல்லூரி விழா மேடைகளில் எத்தனை தடவை கேட்டிருப்பேன். எனக்கு அது ஒப்பாரியாகத்தான் காதில் விழுகிறது. எங்கள் பாட்டி செத்தபோது பெரியம்மா “என்னப் பெத்த” என்று இழுத்து, அந்த ‘த்த’வில் வந்ததும் குரலை மேலே உடைப்பார். கேட்கிற எல்லாருக்கும் அடிவயிறு கலங்கும். டோலரஸ், தலைக்குள்ளே தலைக்குள்ளே என்று திரும்பத் திரும்பப் பாடுகிற இடத்தில் அதே உடைப்பு வருகிறது. அயர்லாந்திலும் சாவு வீட்டில் பெண்கள் அழுது பாடும் வழக்கம் இருந்திருக்கிறது. அதைத் தெரிந்துகொள்வதற்கு முன்பே எனக்கு அப்படித்தான் பட்டது.

போன பலாப்பழ சீசனில் இந்தப் பாட்டைத் திரும்பத் திரும்ப வைத்துக்கொண்டு ஏறி வரும்போது குஞ்சப்பனை பக்கம் வண்டிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. யானை. குட்டியோடு இரண்டு, ரோட்டோரத்துப் பலா மரத்தடியில். எனக்கு முன்னால் இருந்த பிக்கப் வண்டிக்காரர் இறங்காமலே கையை மட்டும் வெளியே நீட்டி, கீழே அமுக்கு அமுக்கு என்று சைகை காட்டினார். பாட்டைத்தான் சொல்கிறார் என்று புரிய எனக்குக் கால் நிமிஷம் ஆனது. நிறுத்தினேன். அப்புறம் இருபது நிமிஷம் பழம் பிய்கிற சத்தம் மட்டும்தான்.

சரி, சிடிக்கு வருவோம். முதல் ஆறு பாட்டு வரை ஒன்றைக்கூடத் தள்ளிவிடத் தோன்றாது. ஏழாவதாக ‘சால்வேஷன்’ வரும்போது ஆள் மாறியது தெரியும். 1996-இல் வந்த மூன்றாவது ஆல்பம் அது. முதல் இரண்டையும் தயாரித்த ஸ்டீஃபன் ஸ்ட்ரீட்டை விட்டுவிட்டு ஹார்ட் ராக் ஆசாமியான புரூஸ் ஃபேர்பேர்னிடம் போனார்கள். எல்லாமே சத்தம், எல்லாமே உபதேசம். ‘வென் யூ ஆர் கான்’ மட்டும் தப்பித்தது. 1999-இல் வந்த பாட்டுகளில் ‘அனிமல் இன்ஸ்டிங்க்ட்’ நல்ல பாட்டு, டோலரஸ் தாயான பிறகு எழுதியது. 2001 பாட்டுகள் கேட்க நன்றாகவே இருக்கும், கார் கதவைச் சாத்தியதும் மறந்துவிடும்.

என் குறை இங்கேதான். பாட்டுகளைக் கிட்டத்தட்ட வந்த வரிசையிலேயே அடுக்கியிருக்கிறார்கள். அதனால் மேலேயிருந்து கீழே இறங்கிக்கொண்டே போய் 2002-இல் நின்றுவிட்ட குழு மாதிரி தெரிகிறது. வெளியான ஆண்டு அது, சிடி என்ன செய்யும்! ஆனால் இன்றைக்கு இதை முதல் தடவையாக வாங்குகிறவருக்குத் தப்பான கணக்கு கிடைக்கிறது. 2003-இல் ஓய்வுக்குப் போனார்கள், 2009-இல் திரும்பச் சேர்ந்தார்கள், 2012-இல் ஒரு ஆல்பம், 2017-இல் பழைய பாட்டுகளையே நரம்பிசைக் கருவிகளோடு அடக்கமாக இன்னொரு முறை. 2018 ஜனவரி 15 அன்று லண்டனில் ஒரு ஹோட்டலில் டோலரஸ் இறந்துபோனார். 46 வயது. அதற்கு முந்தைய ஆண்டு நோயலும் அவரும் எழுதி, வெறும் ஒத்திகைக்காகப் பதிந்து வைத்த குரல் மட்டும் மிச்சம் இருந்தது. குடும்பத்தாரிடம் கேட்டுவிட்டு, மற்ற மூன்று பேரும் பழைய ஸ்டீஃபன் ஸ்ட்ரீட்டிடமே போய், அந்தக் குரலைச் சுற்றி வாசித்து முடித்தார்கள். 2019 ஏப்ரலில் வந்த ‘இன் தி எண்ட்’ அதுதான். வேறு ஆளைப் பாட வைக்க மாட்டோம் என்று அத்தோடு பெயரையும் மடித்து வைத்துவிட்டார்கள். என் காதுக்கு இரண்டாவது ஆல்பத்துக்கு அடுத்த இடம் அதற்குத்தான்.

ஆகவே வாங்கலாமா? 150 ரூபாய்க்கு, வண்டியில் போட, தாராளமாக வாங்கலாம். வீட்டில் உட்கார்ந்து கேட்பவர் என்றால் இரண்டாவது ஆல்பத்தை முழுசாகக் கேளுங்கள். அதிலிருந்து ‘டாஃபடில் லமெண்ட்’ என்ற ஆறு நிமிஷப் பாட்டை இங்கே கடைசிப் பக்கம் சொருகியிருக்கிறார்கள், பூஞ்சைக்கு ஒரு விரல் தூரத்தில் தப்பியது. பாதியில் பாட்டே வேறு பாட்டாக மாறும், அந்த இடம் வரும்போது நான் வண்டியை மெதுவாக்கிவிடுவேன்.

அதே தார்ப்பாயில் மூன்றாவது ஆல்பமும் கிடக்கிறது. 200 சொல்கிறார். 60-க்கு மேல் கொடுக்காதீர்கள், அதற்கு முன்னால் வெயிலில் சாய்த்துப் பாருங்கள்.