ரோபோகாப் ரோக் சிட்டி: ஏழு மார்க் வாங்கிய போலீஸ்காரர்

பத்துக்கு ஏழு. 2023 நவம்பர் 2-ஆம் தேதி ‘ரோபோகாப்: ரோக் சிட்டி’ என்ற வீடியோ கேம் வெளியானபோது விமர்சகர்கள் பெரும்பாலும் அந்த மார்க்கைச் சுற்றியே வட்டமடித்தார்கள். விமர்சகர்களின் மார்க்குகளைத் திரட்டும் மெட்டாக்ரிட்டிக் தளத்தின் சராசரியும் எழுபதை ஒட்டித்தான் நின்றது. கேம் விற்கும் தளமான ஸ்டீமில் காசு கொடுத்து வாங்கியவர்கள் கதை வேறு. அங்கே கட்டைவிரல் உயர்த்தியவர்கள்தான் மிகப் பெரும்பாலோர். வெளியிட்ட பிரெஞ்சு நிறுவனமான நாக்கான், இரண்டே வாரத்தில் 4,35,000 பேர் விளையாடிவிட்டதாகவும், தங்கள் வெளியீடுகளிலேயே இதுதான் சிறந்த தொடக்கம் என்றும் அறிவித்தது.

விமர்சகர் முகம் சுளிக்க ரசிகர் கொண்டாடுவது சினிமாவில் நமக்குப் பழகிய சங்கதி. இங்கே யாரும் முகம் சுளிக்கக்கூட இல்லை. “நல்லாத்தான் இருக்கு, ஆனா...” என்று இழுத்தார்கள். அந்த ஆனாவுக்குப் பின்னால் வந்ததெல்லாம் உண்மை: சண்டைகள் ஒரே மாதிரி, முகங்கள் மரக்கட்டை, எதிரிகளுக்கு மூளை குறைவு, பெரிய வில்லன்களோடு மோதும் பாஸ் சண்டைகள் சொதப்பல். முழுசாக ஆடி முடித்தவள் என்ற முறையில் இதில் ஒன்றைக்கூட மறுக்க மாட்டேன். எனக்கு வருத்தம் அவர்கள் எடை போட்ட விதத்தில்தான். நான் படித்த விமர்சனங்களில் பல, சுடுவதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, போலீஸ் ஸ்டேஷனில் நடப்பதைத் துணை வேலை என்று ஒரு பத்தியில் ஒதுக்கிவிட்டன. எனக்கோ அந்தத் துணை வேலைக்காகத்தான் இந்த கேம்.

செய்தவர்கள் போலந்தைச் சேர்ந்த டெயான் என்ற கேம் நிறுவனம். 2021-இல் இவர்கள் ரோபோகாப் செய்கிறார்கள் என்று அறிவிப்பு வந்தபோது பயந்தவர்களைக் குறை சொல்ல முடியாது. 2014-இல் இவர்கள் செய்த ராம்போ கேமை விமர்சகர்கள் கிழித்துத் தோரணம் கட்டியிருந்தார்கள். 2019-இல் ‘டெர்மினேட்டர்: ரெசிஸ்டன்ஸ்’ வந்தது. அதற்கும் விமர்சகர்களிடம் சுமாரான மார்க்தான். ஆனால் அந்தப் படங்களில் ஊறியவர்கள் அதைத் தேடிப் பிடித்து ஆடினார்கள். எண்பதுகளின் படங்களை எடுத்துக்கொண்டு, பெரிய கம்பெனிகளின் பணம் இல்லாமல், கர்மசிரத்தையாக கேம் செய்வதுதான் இவர்கள் தொழில். அந்தக் கை ரோபோகாப்பில் நன்றாகவே பழகியிருக்கிறது.

கதை நடப்பது ரோபோகாப் படங்களில் 1990-இல் வந்த இரண்டாம் படத்துக்கும் 1993-இல் வந்த மூன்றாம் படத்துக்கும் நடுவே, பழைய டெட்ராய்ட்டில். போலீஸ் துறையையே நடத்தும் ஓ.சி.பி. என்ற கார்ப்பரேட், ‘நியூக்’ என்ற போதை மருந்து, அதற்காக அடித்துக்கொள்ளும் கும்பல்கள் எல்லாம் படத்தில் இருந்தபடியே. டார்ச் ஹெட்ஸ் என்ற கும்பல் ஒரு டிவி நிலையத்தைப் பிடித்துக்கொள்வதில் ஆட்டம் தொடங்குகிறது. அங்கே நம் ஆளுக்கு, அதாவது மனிதப் போலீஸ்காரராக இருந்து இயந்திர உடலுக்கு மாற்றப்பட்ட ரோபோகாப்புக்கு, மூளையில் ஏதோ பிசகிப் பழைய குடும்பத்தின் நினைவு வந்து ஒரு கணம் உறைந்து நிற்கிறார். உடனே ஓ.சி.பி. அவரைக் கண்காணிக்க ஆள் போடுகிறது, மனநல மருத்துவரிடம் அனுப்புகிறது. சர்வீஸில் இருக்கும் மனிதருக்கு மெமோ கொடுப்பது போலவே நடத்துகிறார்கள். ஒவ்வொரு வேலை முடிந்ததும் கிரேடு போட்டு ரிப்போர்ட் வேறு வருகிறது!

சரி, சுடுவது எப்படி? முதல் சில நிமிடம் எரிச்சலாக இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். குதிக்க முடியாது. குனிய முடியாது. ஓடுவது என்று ஒன்று இருக்கிறது, அதுவும் வேக நடைதான். தேர் தெருவில் அசைந்து வருகிற மாதிரி, ஒவ்வோர் அடிக்கும் தரை அதிர நடப்பார். மற்ற சுடும் கேம்களில் விரல்கள் பழகியவர்களுக்கு இது குறை. இந்த ஆளை யோசித்துப் பாருங்கள், இதைவிட வேறெப்படி இருக்க முடியும்? ஒளிந்து சுடும் பிழைப்பு அவருக்கு எதற்கு? குண்டுகளை நெஞ்சில் வாங்கிக்கொண்டே நேராக நடந்து போய்ச் சட்டையைப் பிடித்துத் தூக்கி, அவனையே இன்னொருவன் மேல் எறிகிறார். பக்கத்தில் கிடக்கும் கம்ப்யூட்டர் மானிட்டரையும் எறியலாம், நாற்காலியையும் எறியலாம். சில சுவர்களை இடித்துக்கொண்டே உள்ளே நுழையலாம்.

கையில் ஆட்டோ-9. மூன்று மூன்று குண்டாகச் சீறும் அந்தக் கைத்துப்பாக்கிக்குக் குண்டு தீராது. குறி பார்த்தால் திரை பச்சையாக மாறி, எதிரிகள் கோட்டோவியமாக ஒளிர்கிறார்கள். சுட்டால் கான்கிரீட் பெயர்ந்து தூசி பறக்கிறது, மேஜையில் இருந்த காகிதமெல்லாம் சிதறுகிறது. எதிரிகளிடம் பறிக்கும் துப்பாக்கிகளும் உண்டுதான், ஆனால் நான் அவற்றை அதிகம் தொடவே இல்லை. ஆட்டோ-9-ஐ மேம்படுத்த ஒரு சர்க்யூட் போர்டு கொடுக்கிறார்கள். அதில் சிப்புகளைப் பொருத்தி மின்சாரத்துக்கு வழி போட வேண்டும். சில கட்டங்களைத் தொட்டால் பலன், சிலவற்றைத் தொட்டால் அபராதம். ஒரு கட்டத்தில் ரீலோடு செய்யும் வேலையே இல்லாமல் போகிறது. அதற்கப்புறம் சண்டை சுலபமாகிவிடுகிறது என்று விமர்சகர்கள் புலம்பியது நியாயம். நான் புலம்பவில்லை.

இனி ஸ்டேஷன். என் அப்பா ஓய்வு பெற்ற ஸ்டேஷன் ரைட்டர், அதனால் எனக்கு இதில் கொஞ்சம் பாரபட்சம் உண்டு. கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்த இயந்திர மனிதனை ஓ.சி.பி. அழைத்து வந்து, ஸ்டேஷன் வரவேற்பு மேஜையில் உட்கார வைக்கிறது. மக்கள் வரிசையில் வந்து புகார் சொல்கிறார்கள். பாதிப் புகார் சில்லறை விவகாரம். அந்தத் தலைக்கவசத்துக்குக் கீழே தெரியும் வாய் மட்டும் அசைந்து, ஒவ்வொருவருக்கும் மரியாதையாகப் பதில் வருகிறது. வேறொரு போலீஸ் கேமில் இப்படி ஒரு காட்சியை வைக்க யாருக்கும் தைரியம் வந்திருக்காது. பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்த அப்பா கேட்டார்: “என்னம்மா, மனுவை வாங்கினான், சி.எஸ்.ஆர். ரசீது போட்டுக் கொடுக்கலையே?”

அப்புறம், அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கும் சக அதிகாரி ஆன் லூயிஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை. அதை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் முழுக்க நடந்து ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். சண்டை இல்லை, மதிப்பெண் பட்டியலில் ஏற்றும்படி எதுவும் இல்லை. ஆனால் எனக்கு இந்த கேம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது இதுதான். தெருவில் தப்பாக நிறுத்திய வண்டிக்கு அபராதச் சீட்டு எழுதலாம், சுவரில் பெயின்ட் அடிப்பவனைப் பிடிக்கலாம். பிடித்த பிறகு சட்டப்படி சீட்டு எழுதுவதா, கண்டித்து அனுப்புவதா என்பது உங்கள் விருப்பம். முதலாவது சட்டம், இரண்டாவது பொதுமக்கள் நம்பிக்கை. இரண்டும் அவர் மண்டைக்குள் எழுதி வைத்த கட்டளைகள்தான். நான் பாதி நேரம் விட்டுவிட்டேன். இந்த முடிவுகளில் சில, கடைசியில் யார் கதி என்ன என்பதையும் மாற்றுகின்றன.

எழுதியவர்களுக்கு 1987-இல் பால் வெர்ஹோவன் எடுத்த முதல் படத்தின் நக்கல் புரிந்திருக்கிறது. படத்தை நகலெடுக்கும் கேம்கள் பொதுவாகத் துப்பாக்கியையும் கவசத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு, கார்ப்பரேட் கேலியைக் கழற்றிவிடும். இங்கே டிவி செய்தி, விளம்பரம், மேயர் தேர்தல் எல்லாவற்றிலும் அது ஓடுகிறது. மூன்றாம் படத்தில் நடிக்காத பீட்டர் வெல்லர் இதற்குக் குரல் கொடுக்கத் திரும்பி வந்திருக்கிறார். ஏற்ற இறக்கம் இல்லாத அந்தக் குரலில் ஒரு நையாண்டி வரி விழும்போது சிரிக்காமல் இருப்பது கஷ்டம்.

இடங்களையும் சொல்ல வேண்டும். அன்ரியல் எஞ்சின் 5 என்ற கேம் செய்யும் மென்பொருளில் செய்திருக்கிறார்கள். மழை பெய்து நனைந்த இரவுத் தெரு, நியான் பலகைகள், வீடியோ கேசட் வாடகைக் கடை, பெட்டி பெட்டியாகக் கனத்த டிவிகள் என்று எண்பதுகள் அச்சு அசலாக இருக்கின்றன. ஆனால் அதே தெருவில் பேசும் மனிதர்களைப் பார்த்தால் உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம். ரோபோகாப்பின் முகம் அசையாமல் இருப்பது பொருத்தம். மற்றவர்களுக்கும் அதே முகம் என்றால் என்ன செய்வது? இடங்களுக்குச் செலவழித்துவிட்டு ஆட்களுக்கு வரும்போது பட்டுவாடா முடிந்துவிட்டது போலிருக்கிறது.

கடைசி மூன்றில் ஒரு பங்கு இழுவை. தெருவும் ஸ்டேஷனும் பின்னுக்குப் போய், அறை, அறைக்குள் பத்துப் பேர், அடுத்த அறை, அங்கேயும் பத்துப் பேர் என்று ஓடுகிறது. இந்த இடத்தில் ஏழு மார்க்கே தாராளம். இ.டி.-209 என்ற அந்தப் பெரிய இரண்டு கால் இயந்திரத்தோடு மோதும் சண்டை, படம் பார்த்தவர்களுக்குத் தோற்றத்தில் புல்லரிப்பு, ஆடும்போது தூணைச் சுற்றிச் சுற்றி வரும் வேலை.

2025 ஜூலை 17-இல் ‘அன்ஃபினிஷ்ட் பிசினஸ்’ என்ற தனிப் பகுதியையும் வெளியிட்டார்கள். ஸ்டேஷன் மேல் தாக்குதல், பிறகு ஆம்னிடவர் என்ற ராட்சத அடுக்குமாடிக் கட்டடத்தில் மாடி மாடியாக ஏறும் சண்டை. ரோபோ ஆவதற்கு முந்தைய அலெக்ஸ் மர்ஃபியாக ஆடும் பகுதி நன்றாக இருக்கிறது. மற்றபடி எது முதல் கேமில் அலுப்பூட்டியதோ அதையே அதிகம் போட்டு, எது உயிராக இருந்ததோ அதைக் குறைத்துவிட்டார்கள். சுடுவது மட்டும் போதும் என்பவர்கள் இதையும் வாங்கலாம்.

முதல் கேம் ஸ்டீமில் நல்ல தள்ளுபடியில் வரும்போது எடுங்கள், முழு விலைக்கு வேண்டாம். சுடுவதில் கெட்டிக்காரர்கள் இல்லையென்றால் ஆரம்பத்திலேயே ஈஸியில் வைத்துக்கொள்ளுங்கள், நஷ்டமில்லை. கதையில் அடுத்த வேலைக்குப் போகும் முன் ஸ்டேஷனை ஒரு சுற்று சுற்றி, ஒவ்வொருவரிடமும் பேசிவிடுங்கள். விட்டுவிட்டு நகர்ந்தால் சில வேலைகள் போனது போனதுதான்.