அலுமினா பேட்னு சொல்லி பிளாஸ்டிக்கை தள்ளிவிட்டான், 7,200 ரூபா காலி

ஆம்ப் அசெம்பிள் பண்றவங்க இதை படிச்சிட்டு ஆர்டர் போடுங்க. வயித்தெரிச்சல்ல டைப் பண்றேன், முன்ன பின்ன இருக்கும்.

மைக் செட் அண்ணன் ஒருத்தருக்கு ஆடி திருவிழாவுக்காக சி5200, ஏ1943 பவர் டிரான்சிஸ்டர் ஜோடி போட்ட ஆம்ப். ரெண்டுக்கும் முதுகு மெட்டல்தான் கலெக்டர்ங்கற கரண்ட் முனை, ஒண்ணு பிளஸ் சப்ளை இன்னொண்ணு மைனஸ், சூட்டை இழுத்து வெளிய விடற ஒரே ஹீட்சிங்க்ல ஏத்தினா, கரண்டை தடுத்து சூட்டை மட்டும் விடற இன்சுலேஷன் பேட் நடுவுல இல்லாம முடியாது. எப்பவும் மைக்கா தகடுதான் போடுவேன், இது ஹெவி லோடுங்கறதால அலுமினா செராமிக் தேடினேன், மைக்காவை விட பல மடங்கு சூடு கடத்தும். பார்ட்ஸ் விக்கிற ஒரு ஆன்லைன் கடை. வீடியோ கால்லயே வந்து ஒரு பேடை கொறடுல புடிச்சு லைட்டரை காட்டினான், ஒண்ணும் ஆகல, "பாத்தீங்களாண்ணே, ஒரிஜினல், நம்மூரு பையன்ணே நானு"ன்னான். இதுக்கு மேல என்னத்த கேக்கறது, 1,400 ரூபாயை உடனே ஜிபேல போட்டேன்.

வந்ததும் அதே வெள்ளை, அதே சைஸ். சூடு கடத்தற பேஸ்ட் தடவி, ஸ்க்ரூவுக்கு இன்சுலேஷன் புஷ் போட்டு டைட் பண்ணி மீட்டர் வச்சா ஷார்ட் இல்ல. லோடுல ஓட்டினா ஹீட்சிங்க் ஜில்லுனு இருக்கு, பரவால்லயேன்னு டிரான்சிஸ்டர் தலையில விரல் வச்சா கொப்புளம்! சூடு கீழ இறங்கவே இல்ல, ஹீட்சிங்க்ல இருக்கற தெர்மோஸ்டாட்டுக்கும் தெரியல, ஃபேனும் சுத்தல. ஆஃப் பண்றதுக்குள்ள அவுட்புட் டிரான்சிஸ்டர் மொத்தமும் ஷார்ட், டிசி நேரா வூஃபருக்கு போய் காயில் கருகிடுச்சு. கழட்டி அந்த பேட் மேல சால்டரிங் அயர்ன் வச்சேன், முனை பொசுக்குனு உள்ள இறங்கி பிளாஸ்டிக் நாத்தம்.

பேட் 1,400, டிரான்சிஸ்டர் 2,300, வூஃபர் காயில் 3,500. மொத்தம் 7,200 ரூபா.

கேட்டா "பேஸ்ட் கம்மியா போட்டிருப்பீங்கண்ணே". அயர்ன் வச்ச வீடியோ அனுப்பினா "அயர்ன் வச்சா எதுவும் உருகும்ணே". டேய், அலுமினா உருக 2000 டிகிரிக்கு மேல வேணும்டா! அப்புறம் "குடோன்ல கேக்கறேன்", அப்புறம் "பிரிச்ச பாக்கெட் ரிட்டர்ன் இல்ல", இப்ப வெறும் ப்ளூ டிக். 7,200 ரூபாங்க, அந்த ஆம்ப்ல எனக்கு நிக்கற லாபமே அவ்வளவு கிடையாது.

எந்த பேட் எதுக்குன்னு விவரமா எழுதணும்னுதான் உக்காந்தேன், மனசு ஓடல. செராமிக்னு வந்தா முதல்ல ஒண்ணுல அயர்ன் வச்சு பாருங்க. சாம்பல் கலர் சிலிக்கான் பேடுன்னா ஓரத்தை கிழிங்க, உள்ள கண்ணாடி இழை தெரியணும், அதுக்கு பேஸ்ட் வேணாம். பழைய டிரான்ஸ்மிட்டர்ல கழட்டின வெள்ளை செராமிக்கை மட்டும் உரசி கிரசி பாக்காதீங்க, பெரிலியம் ஆக்சைடா இருந்தா அந்த தூசி நுரையீரலுக்கு விஷம். சந்தேகம்னா மைக்காவே போதும். கடை பேரை இன்பாக்ஸ்ல கேக்காதீங்க, பேரு போட்டா கேஸ் போடுவேன்னு ஏற்கனவே மிரட்டி வச்சிருக்கான்.