சறுக்கி வருபவரைப் படமெடுக்க அடுத்த கேமரா எது: கேம்கார்டரா, பிரிட்ஜ் கேமராவா, மிரர்லெஸ்ஸா?

ஹெல்மெட்டில் ஆக்‌ஷன் கேமராவை மாட்டிக்கொண்டு இரண்டு சீசன் பனிச்சறுக்கு வீடியோ எடுத்த யாருக்கும் ஒரு கட்டத்தில் இந்த மனக்குறை வந்துவிடும். நம் கண் பார்க்கிற மாதிரியே ஓடும் காட்சிகள் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சரிவில் ஓரமாக நின்று, மேலிருந்து திருப்பம் திருப்பமாக இறங்கி வரும் நண்பரை எடுத்துவிட்டு அறைக்கு வந்து போட்டுப் பார்த்தால், வெள்ளைத் தாளில் ஊர்கிற எறும்பு மாதிரி ஒரு புள்ளி வரும், நம் பக்கத்தில் வந்ததும் அரை நொடிக்கு மனிதராகும், அப்புறம் காணாமல் போகும்.

இதற்குக் காரணம் கோணம்தான். ஆக்‌ஷன் கேமராவின் அகலக் கோணம் ஏறக்குறைய 16 மி.மீ. லென்ஸுக்குச் சமம் (ஃபுல் ஃபிரேம், அதாவது 36 மி.மீ. அகல சென்சார் அளவில் சொல்கிறேன், இனி வருகிற லென்ஸ் மி.மீ. கணக்கும் அப்படியே; எண் கூடக்கூடப் படம் நெருங்கி வரும்). 100 மீட்டர் தள்ளி இருப்பவரை இதில் எடுத்தால் படத்துக்குள் 225 மீட்டர் அகலத்துக்குச் சரிவு அடங்கிவிடும்; 4கே படத்தில் மேலிருந்து கீழாக இருக்கிற 2160 வரிகளில் அந்த ஆளுக்குக் கிடைப்பது சுமார் 30 வரி. அதே இடத்தில் 600 மி.மீ. இருந்தால் படத்தின் அகலம் 6 மீட்டர், உயரம் 3.4 மீட்டர்தான். ஆள் பாதிப் படத்தை நிரப்பிவிடுவார், முழங்கால் எப்படி மடங்குகிறது, திருப்பத்தில் எடை வெளிக்காலுக்குப் போகிறதா, எல்லாம் தெரியும்.

சரி, அப்படியானால் பெரிய ஜூம் உள்ள எதையாவது வாங்கிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் நிதானிக்க வேண்டும். மணிக்கு 40 கி.மீ. வேகம் என்பது நொடிக்கு 11 மீட்டர். நேராக வந்தால் 100 மீட்டர் தள்ளி இருந்தவர் ஒன்பது நொடியில் நம்மைத் தாண்டிப் போய்விடுவார். 600 மி.மீ.யிலேயே நின்றுவிட்டால், அவர் 10 மீட்டருக்குள் வரும்போது படத்தின் அகலம் 60 செ.மீ.; அதில் ஜாக்கெட்டின் ஜிப் மட்டும் தெரியும். ஆகவே அந்த ஒன்பது நொடிக்குள் கேமராவைத் திருப்பிக்கொண்டே, ஃபோகஸ் போகாமல், ஜூமைச் சீராகப் பின்னால் இழுத்துக்கொண்டே வர வேண்டும், அதுவும் தடித்த கையுறை போட்ட கையால். என் வரையில் இந்த ஒரு வேலையை எந்த கேமரா எளிதாகச் செய்யவிடுகிறது என்பதுதான் முதல் கேள்வி, சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு) அளவும் 4கே-யும் அதற்குப் பின்னால்தான். கடைகளில் கேட்டாலும் விளம்பரங்களைப் பார்த்தாலும் இது தலைகீழாக இருக்கும்.

இருக்கிற ஆக்‌ஷன் கேமராவையே புதிய மாடலாக மாற்றுவது பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கோப்ரோவில் 2018-இல் ஹீரோ7 பிளாக்குடன் ஹைப்பர்ஸ்மூத் என்ற நடுக்கக் கட்டுப்பாடு வந்த பிறகு நடுக்கம் பெரிய பிரச்சினையாக இல்லை. அதற்கு முந்தைய கேமரா வைத்திருப்பவர்களுக்கு மாற்றம் உடனே தெரியும், அதில் சந்தேகமில்லை. ஆனால் கோணம் அதேதான், எறும்பு எறும்பாகவே இருக்கும். 360 டிகிரி கேமராவுக்கும் அதே கதை: இன்ஸ்டா360 எக்ஸ்3 5.7கே பதிவு செய்கிறது என்றால் அந்தப் பிக்சல்கள் எல்லாத் திசைக்கும் பங்குபோகின்றன, ஒரு டிகிரிக்கு 16 பிக்சல், 20 மீட்டர் தள்ளி இருப்பவருக்கு 80 பிக்சல் உயரம். நீங்களும் அவர் பின்னாலேயே ஒட்டிச் சறுக்கிக்கொண்டு, நீளக் குச்சியில் பிடித்து எடுப்பதானால் 360-க்கு ஈடே கிடையாது. நின்று எடுப்பதற்கு அது வேண்டாம்.

இனி உண்மையான போட்டிக்கு வருவோம்.

கேம்கார்டர் என்றாலே இன்று பலர் பழைய சாமான் என்று ஒதுக்கிவிடுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடே இல்லை. கட்டைவிரலில் பதிவு பட்டன், ஆள்காட்டி விரலுக்கு அடியில் ஜூம் விசை, உள்ளங்கையைச் சுற்றி ஒரு பட்டை, அவ்வளவுதான். மெல்ல அழுத்தினால் மெல்ல நகரும், அழுத்தி இழுத்தால் வேகமாக நகரும். கையுறையோடு இதைவிட வசதியான பிடி வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை. சோனி ஏஎக்ஸ்53 (2016) இதில் நல்ல உதாரணம். 26.8 மி.மீ.யில் ஆரம்பித்து 20 மடங்கு ஜூம், அதாவது 536 மி.மீ. வரை. அதைவிட முக்கியம் அதன் நடுக்கக் கட்டுப்பாடு; லென்ஸும் சென்சாரும் ஒரே தொகுதியாக உள்ளே மிதக்கின்றன, முழு ஜூமில் கையில் பிடித்து எடுத்தாலும் படம் ட்ரைபாடில் வைத்ததுபோல் இருக்கும். சரிவில் ட்ரைபாடை விரித்துக்கொண்டு நிற்பது நமக்கும் தொல்லை, மேலிருந்து வருகிறவர்களுக்கும் ஆபத்து என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. ஒரு எச்சரிக்கை: இதே வரிசையில் ஏஎக்ஸ்43 என்று ஒன்று உண்டு, பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் அதில் வியூஃபைண்டர் கிடையாது. பனியில் வெயில் அடிக்கும்போது திறந்த திரையில் ஒன்றுமே தெரியாது. போலரைஸ்டு கண்ணாடி போட்டிருந்தால் சில கோணங்களில் திரை கறுப்பாகவே போய்விடும். கண்ணை வைத்துப் பார்க்கிற வியூஃபைண்டர் இல்லாத எதையும் இந்த வேலைக்கு வாங்காதீர்கள் என்பேன்.

கேம்கார்டரின் குறை சென்சார் சின்னது என்பது. மாலை நிழலில், மேகமூட்டத்தில், மரங்களுக்கு நடுவே படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும். ஆனால் பனிச்சறுக்கு பெரும்பாலும் பகல் வேலை, பனியே ஒளியைத் திருப்பி அடிக்கிறது, வெளிச்சத்துக்குப் பஞ்சமே இல்லை. ஈரம் தாங்கும்படி மூடிய கட்டமைப்பு இல்லாததுதான் எனக்கு உண்மையான தயக்கம். பனி கொட்டும் நாளில் அதை வெளியே எடுக்க மனசு வராது.

பிரிட்ஜ் கேமராவுக்கு வருகிறேன். லென்ஸ் கழற்ற முடியாத, நீள ஜூம் உள்ள, எஸ்எல்ஆர் மாதிரித் தோற்றம் கொண்ட ரகம். நான் அதிக நேரம் யோசித்ததும் இதில்தான். பானசோனிக் எஃப்இசட்300 (2015, சில நாடுகளில் எஃப்இசட்330 என்ற பெயர்) 25 முதல் 600 மி.மீ. வரை போகிறது, ஒளி நுழையும் துளை கடைசிவரை எஃப் 2.8 அளவிலேயே மாறாமல் நிற்கிறது. ஜூம் போகப் போகப் படம் இருண்டுகொண்டே போகிற தொல்லை இல்லை. தூசியும் தெறிக்கும் நீரும் தாங்கும் கட்டமைப்பு உண்டு. லென்ஸ் குழாயின் பக்கவாட்டில் தனியாக ஒரு ஜூம் விசை இருக்கிறது, இடது கை லென்ஸைத் தாங்கிக்கொண்டிருக்கும்போதே கட்டைவிரலால் தள்ளலாம். படத்தில் பார்த்தால் யாரும் கவனிக்காத சின்ன விசை, எடுக்கும்போதுதான் அருமை தெரியும். வியூஃபைண்டர், மைக் துளை இரண்டும் உண்டு, எடை சுமார் 700 கிராம்.

அதன் சென்சார் 1/2.3 அங்குல ரகம், கேம்கார்டரைப் போலவே சின்னது. 4கே-யில் நொடிக்கு 30 ஃபிரேம் வரைதான். நான் இதில் 1080-ஐ 60 ஃபிரேமில் எடுக்கவே சொல்வேன், ஏனென்றால் பாதி வேகத்தில் ஓட்டிப் பார்க்கும்போது கம்பு ஊன்றும் இடம், ஸ்கீயின் விளிம்பு பனியில் பிடிக்கும் கணம் எல்லாம் துல்லியமாகப் பிடிபடும். திருத்திக்கொள்வதற்காக எடுக்கிற வீடியோவில் கூடுதல் பிக்சலைவிடக் கூடுதல் ஃபிரேம்தான் உதவும்.

சின்ன சென்சாருக்கு யாரும் அதிகம் சொல்லாத ஒரு நன்மையும் உண்டு. ஆள் நெருங்க நெருங்க நாம் ஜூமைப் பின்னால் இழுக்கிறோம். அகலக் கோணத்துக்கு வந்துவிட்டால், ஃபோகஸ் தொலைவில் நின்றிருந்தாலும் இரண்டு மீட்டருக்கு அப்பால் ஏறக்குறைய எல்லாமே தெளிவாக விழும். ஆட்டோஃபோகஸ் கொஞ்சம் தடுமாறினாலும் படம் தப்பித்துவிடுகிறது.

இதற்கு அடுத்த படி 1 அங்குல சென்சார் பிரிட்ஜ் கேமராக்கள். பரப்பில் நான்கு மடங்கு பெரியது, நிழலிலும் படம் சுத்தமாக இருக்கும். பானசோனிக் எஃப்இசட்1000 (2014) செகண்ட் ஹேண்டில் பார்க்கத் தகுந்தது, 25 முதல் 400 மி.மீ. வரை. ஆனால் 4கே எடுக்கும்போது ஓரங்கள் வெட்டுப்பட்டு ஆரம்பமே 37 மி.மீ. ஆகிவிடுகிறது, ஆள் பக்கத்தில் வரும்போது அது நெருக்கும், ஈரத்துக்குப் பாதுகாப்பும் இல்லை. சோனி ஆர்எக்ஸ்10 வரிசையில் இரண்டாவது மாடல் 200 மி.மீ.யோடு நின்றுவிடும், உள்ளேயே என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) இருப்பது அதன் பலம். மூன்றாவதும் நான்காவதும் 600 வரை போகும், ஆனால் அந்த ஃபில்டரை எடுத்துவிட்டார்கள், எடையும் 1 கிலோவைத் தாண்டிவிட்டது. ஆட்டோஃபோகஸ் வேகம் பார்த்தால் நான்காவதுதான் (2017) மற்ற எல்லாவற்றையும் மிஞ்சும், நம்மை நோக்கி வேகமாக வருபவரை விடாமல் பிடிக்கும். பணம் தடையில்லை என்றால் இந்தக் கட்டுரையே தேவையில்லை, அதை வாங்கிக்கொள்ளலாம். சிக்கன பட்ஜெட்டில் அது வராது, செகண்ட் ஹேண்டிலும் விலை இறங்க மாட்டேன் என்கிறது.

மிரர்லெஸ் (எஸ்எல்ஆரில் இருக்கும் உள்கண்ணாடி இல்லாத, லென்ஸ் கழற்றி மாற்றும் ரகம்) பற்றி நண்பர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள், “எதிர்காலத்துக்கு நல்லது, லென்ஸ் மாற்றிக்கொள்ளலாம்” என்று. பனியில் அந்த “மாற்றிக்கொள்ளலாம்” என்பதை நான் நம்பவில்லை. காற்றில் பனித்துகள் பறக்கும் இடத்தில் லென்ஸைக் கழற்றினால் அது நேராக சென்சாரில் போய் உட்காரும். ஆகவே ஒரே ஒரு ஜூம் லென்ஸோடுதான் நாள் முழுக்க. சோனி ஏ6400 (2019) ஆளைப் பின்தொடரும் ஃபோகஸில் மிகச் சிறந்தது, ஆனால் உடலுக்குள் நடுக்கக் கட்டுப்பாடு இல்லை, லென்ஸையே நம்ப வேண்டும். அதற்கு மோட்டார் ஜூம் உள்ள 18-105 லென்ஸ் அருமையானது, ஆனால் முழு ஜூமிலும் 157 மி.மீ.தான், 100 மீட்டரில் படத்தின் அகலம் 23 மீட்டர், ஆள் மறுபடி சின்னதாகிவிடுகிறார். 70-350 லென்ஸ் 525 மி.மீ. வரை எட்டும், ஆனால் அது 105-க்குக் கீழே வராது, வளையத்தைக் கையால் திருப்ப வேண்டும், கேமரா விலைக்குப் பக்கத்தில் அதற்கும் ஒரு விலை. பானசோனிக் ஜி85 (2016) ஈரம் தாங்கும், உடலுக்குள்ளேயே நடுக்கக் கட்டுப்பாடு உண்டு, செகண்ட் ஹேண்டில் கைக்கு எட்டும். 14-140 லென்ஸோடு 28 முதல் 280 மி.மீ. வரை. இது எனக்குப் பிடித்த கேமராதான், ஆனால் வீடியோவில் நம்மை நோக்கி வருபவரைப் பிடிக்கும்போது ஃபோகஸ் முன்னும் பின்னும் துடிக்கிற பழக்கம் அதற்கு உண்டு. நின்ற இடத்தில் பேசுபவரை எடுக்கும்போது கண்ணில் படாது, சரிவில் பட்டவர்த்தனமாகத் தெரியும்.

மலைக்குச் சுமந்து போவதும் கணக்கில் வர வேண்டும். சறுக்கும்போது விழுவோம், எல்லோரும் விழுவோம். ஒரு கிலோ எடையுள்ள கட்டியான பொருள் முதுகெலும்புக்கு நேராகப் பையில் இருந்தால் கேமராவுக்கு முன் நமக்குத்தான் அடி. மெத்தை வைத்த இடுப்புப் பையில், பக்கவாட்டில் வைத்துக்கொள்வதே நல்லது. அதற்குள் அடங்குவது ஏஎக்ஸ்53-உம் எஃப்இசட்300-உம்தான், ஆர்எக்ஸ்10-இன் கடைசி இரண்டும் அடங்குவது கஷ்டம்.

ஆகவே என் முடிவு இது. பனி கொட்டினாலும் எடுக்க வேண்டும், அவ்வப்போது புகைப்படமும் வேண்டும், கையில் பணம் குறைவு என்றால் எஃப்இசட்300. குழந்தைகள் கற்றுக்கொள்வதையோ பந்தயப் பயிற்சியையோ வெயில் நாட்களில் மணிக்கணக்காக எடுப்பவர் என்றால் நல்ல நிலையில் ஒரு ஏஎக்ஸ்53 தேடுங்கள், அந்த நடுக்கக் கட்டுப்பாட்டுக்கு முன் எஃப்இசட்300 நிற்காது. வருடம் முழுக்க வேறு படங்களும் எடுக்கிறவர், பனிச்சறுக்கு அதில் ஒரு வாரம்தான் என்றால் மட்டும் மிரர்லெஸ் பக்கம் போகலாம்.

மீதிப் பணத்தை எங்கே போடுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் பேட்டரி, குறைந்தது இரண்டு உபரி. பெரும்பாலான கேமராக்களின் கையேட்டில் 0 முதல் 40 டிகிரி வரை என்றுதான் போட்டிருக்கும், மைனஸ் 10-இல் லித்தியம் பேட்டரி திடீரென்று காலி என்று காட்டும். அது செத்துவிடவில்லை, உடம்போடு ஒட்டிய உள்பாக்கெட்டில் கொஞ்ச நேரம் வைத்தால் மறுபடி ஓடும், அதனால் இரண்டையும் சுழற்றிச் சுழற்றிப் போடுங்கள்.

அடுத்தது ஒரு என்டி16 ஃபில்டர். எஃப்இசட்300-க்கு 52 மி.மீ. அளவு. வெயில் அடிக்கும் பனியில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப் 2.8 என்றால் ஷட்டர் 1/8000 நொடிக்குப் போய்விடும், அசைவு வெட்டி வெட்டி ஓடும். இந்த ஃபில்டர் அதை 1/500-க்கு இறக்கும். நுட்பம் பார்க்க இந்த வேகமே போதும், உடலின் கோடுகள் கூர்மையாக நிற்கும். அதோடு எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) ஆட்டோவில் விடாதீர்கள். வெள்ளைப் பனியைப் பார்த்து கேமரா பயந்து எல்லாவற்றையும் சாம்பல் நிறமாக்கும், ஆள் நிழலுருவாகிவிடுவார். ஒரு ஸ்டாப்போ (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) ஒன்றரையோ கூட்டி வைத்துப் பூட்டிவிடுங்கள்.

மாலையில் சூடான அறைக்குள் நுழையும் முன், வெளியே குளிரிலேயே கேமராவை ஒரு ஜிப் பைக்குள் போட்டு இறுக்கி மூடுங்கள். ஈரம் பையின் மேல் படியும், லென்ஸுக்குள் போகாது. இரண்டு மணி நேரம் அப்படியே கிடக்கட்டும். அன்று எடுத்ததை உடனே பார்க்கும் ஆசை இருந்தால் கார்டை வெளியிலேயே கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.