சுங்கை சிப்புட் பட்டறையில் செய்த சிலிக்கோன் பிளாடர்

விமானத் தோலின் (வெளித்தகட்டின்) உட்புறம் ஒட்டும் உள்ளீடற்ற கார்பன் ஸ்டிஃப்னருக்கு, அதாவது தோலை விறைப்பாக வைக்கும் பட்டைக்கு, சூட்டில் வேகும்போது உள்ளிருந்து தாங்க ஒன்று வேண்டும். இல்லையென்றால் ஆட்டோகிளேவின் (சூடும் அழுத்தமும் தரும் அடுப்பின்) அழுத்தம் அதை நசுக்கிவிடும். எங்கள் பயிற்சிக்கூடத்துக்கு அப்படித் தாங்கும் பிளாடரை, அதாவது சிலிக்கோன் பையை, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்துக்குப் போகும் சாலையோர ரப்பர் பட்டறையில் செய்து வாங்குகிறோம்.

மூலைகளைத்தான் முதலில் பாராட்டுவேன். வளைவு வரைபடத்தோடு அப்படியே ஒத்துப்போகிறது. அங்கே இடைவெளி விழுந்தால் பிசின் தேங்கும், இழை மடியும், ஸ்டிஃப்னர் வீண்.

சிலிக்கோன் சூட்டில் கார்பனைவிடப் பல மடங்கு விரியும். கெட்டியான அச்சாக இருந்தால் 180 டிகிரியில் அந்த விரிவே சுவர்களைக் கன்னாபின்னாவென்று அழுத்தும். இது பை. வாய் ஆட்டோகிளேவுக்குள் திறந்திருப்பதால் 7 பார் வைத்தாலும் உள்ளும் வெளியும் ஒரே அழுத்தம். வெந்தபின் காற்றை உறிஞ்சினால் சுருங்கி, சிரமமில்லாமல் வெளியே வருகிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

கழுத்துப் பகுதி மட்டும் மெல்லியது. அங்கே கசிந்தால் வாயு, பாகத்தை மூடியிருக்கும் வெற்றிடப் பைக்குள் புகுந்து, பாகம் முழுக்கத் துளை விழும். சொன்னதும் பட்டறை அண்ணன், "தண்ணியில முக்கிக் காட்டுறேன் தம்பி, குமிழி வந்தா காசு வேணாம்" என்றார். அப்படியே செய்தும் காட்டினார்.

அப்புறம், சிலிக்கோன் பட்ட இடத்தில் பசை சரியாகப் பிடிக்காது. ஒட்டாமல் பிரிந்துவரும் ரிலீஸ் பிலிமைச் சுற்றாமல் பயன்படுத்தாதீர்கள். ஆர்டர் கொடுக்கும்போதே கழுத்தைத் தடிமனாக வார்க்கச் சொல்லுங்கள். தீபாவளி நெருக்கத்தில் தாமதமாகும்.